ஒரு கட்டம் நகர்ந்த சிப்பாய்

எங்கள் தாத்தா ஆடிய சதுரங்கத்தில் சிப்பாய்க்கு அவசரமே கிடையாது. ஆட்டத்தின் முதல் நகர்த்தலாக இருந்தாலும் ஒரே ஒரு கட்டம்தான். கிள்ளையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பள்ளியில் புதிதாகச் செஸ் கற்றுவந்த தெம்பில் நான் ராஜாவின் முன் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி வைத்தேன். "ஏண்டா, நடந்து போற ஆளு குதிரை மாதிரித் தாவுவானா?" என்று கேட்டு, அதை எடுத்து ஒரு கட்டம் பின்னால் வைத்தார் தாத்தா. அவருடைய ராஜாவோ, ஒரு செக்கும் வாங்காமல் இருந்தால், ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரையைப் போலத் தாவலாம். கடைசி வரிசையை எட்டிய சிப்பாய், அந்தக் கட்டத்தில் முதலில் எந்தக் காய் நின்றதோ அந்தக் காயாக மாறும். அவர் விதிகள் எனக்குப் புதிர். என் விதிகள் அவருக்குக் குறும்பு.

அவர் ஆட்டத்தைத் தொடங்கும் விதம் மட்டும் மாறவே மாறாது. ராஜா பக்கத்துக் குதிரைக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவார். அது விட்டுப்போன இடத்தில் மந்திரியைக் கொண்டுவந்து உட்கார வைப்பார். (மந்திரி என்று எங்கள் பக்கம் சொல்வது குறுக்காக ஓடும் காயை, வேறு சில ஊர்களில் ராணியையே மந்திரி என்பார்கள்.) மூலையில் பதுங்கிய அந்த மந்திரி, பலகையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை குறுக்கே பார்த்துக்கொண்டிருக்கும். நடுவே எதிராளி என்ன கோட்டை கட்டினாலும் ஒருநாள் அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த அமைப்பையும் உள்ளடக்கிய தற்காப்புக் குடும்பத்துக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் 'இந்தியத் தற்காப்பு' என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன். அதன் கிளைகளுக்குப் பெயர் ராஜா இந்தியன், ராணி இந்தியன், நிம்சோ இந்தியன். மாஸ்கோவிலும் நியூயார்க்கிலும் பிள்ளைகள் இவற்றை மனப்பாடம் செய்கிறார்கள். எந்த இந்தியன் என்று கேட்பவர்கள் குறைவு. அந்த இந்தியனைத் தேடிப் போனால் வழி கல்கத்தா, லண்டன், வியன்னா, மாஸ்கோ என்று சுற்றி, கடைசியில் எங்கள் ரயில் பாதையிலேயே, கிள்ளைக்குத் தெற்கே ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் மயிலாடுதுறையில் வந்து நிற்கிறது.

முதலில் சதுரங்கமே இந்த மண்ணைவிட்டுப் போன கதை. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நாற்படை பாரசீகத்துக்குப் போய் 'சத்ரங்' ஆனது. அரபு மொழியில் 'ஷத்ரஞ்ச்' ஆனது. அங்கேயும் சிப்பாய் ஒரு கட்டம்தான் நகர்ந்தது. இரண்டு படைகளும் முட்டிக்கொள்ளவே வெகுநேரம் ஆகும். ஆகவே பாக்தாத் ஆட்டக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். மோதலுக்கு முன் தத்தம் பாதிப் பலகையில் காய்களை இன்ன அணிவகுப்பில் நிறுத்திக்கொள்வது என்று வகுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார்கள். அந்த அணிவகுப்புக்கு 'தபியா' என்று பெயர். இன்றும் ரஷ்யப் பயிற்சியாளர்கள் ஓப்பனிங்கில் அடிக்கடி வரும் நிலையை 'தபியா' என்றே சொல்கிறார்கள். ஓப்பனிங் என்ற எண்ணத்தின் கொள்ளுத்தாத்தா அதுதான். அது பிறந்தது சிப்பாயின் மெதுநடையிலிருந்து என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

ஐரோப்பாவுக்குப் பொறுமை இல்லை. சிப்பாய்க்கு முதல் அடியில் இரண்டு கட்டம் கொடுத்தார்கள். 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினின் வலென்சியா பக்கம், ஒரு கட்டம் மட்டுமே நகர்ந்துவந்த அமைச்சர் காய் திசையெல்லாம் ஓடும் ராணி ஆயிற்று. இரண்டே கட்டம் தாவிய யானைக் காய், பலகை முழுக்கக் குறுக்கே ஓடும் பிஷப், அதாவது எங்கள் பக்கத்து மந்திரி, ஆயிற்று. ஆட்டம் தீப்பிடித்தாற்போல வேகமெடுத்தது. வேகம் வந்ததும் தொடக்கத்திலேயே விழும் பொறிகள் வந்தன. பொறிகள் வந்ததும் புத்தகங்கள் வந்தன. 1512-ல் ரோமில் டாமியானோ என்ற போர்ச்சுகீசிய மருந்துக்கடைக்காரர் அச்சிட்ட செஸ் புத்தகம் அப்படி ஒன்று. அதில் ஒரு தற்காப்பை மோசமானது, ஆடாதீர்கள் என்று எடுத்துக்காட்டினார். இன்று அதற்கு 'டாமியானோ தற்காப்பு' என்று அவர் பெயரே வழங்குகிறது. அவர் நாட்டுக் கப்பல்கள், கிள்ளைக்கு வடக்கே வெள்ளாற்றின் அக்கரையில் இருக்கும் பரங்கிப்பேட்டைக்கு வந்து கடை விரித்ததும் அந்த நூற்றாண்டில்தான். ஓப்பனிங்குகளுக்குப் பெயர் ஒட்டும் விதம் இப்படித்தான். உழைத்தவனுக்கு ஒட்ட வேண்டியது வேறொருவனுக்கு ஒட்டிவிடும். இந்தக் கதை முழுக்க அதைப் பார்க்கப் போகிறோம்.

அந்தப் புதிய வேகம் கொஞ்சம் கொஞ்சமாக இந்தியாவுக்குள்ளும் வந்தது. ஆனால் பாதியாக வந்தது. 19-ஆம் நூற்றாண்டு இந்திய ஆட்டத்தில் ராணியும் மந்திரியும் ஐரோப்பாவில் ஓடுவதைப் போலவே ஓடின; சிப்பாய் மட்டும் பெரும்பாலான ஊர்களில் பழைய ஒற்றை அடியிலேயே நடந்தது. இந்தக் கலப்பில்தான் என் தாத்தாவின் மந்திரிக்கு விளக்கம் இருக்கிறது. சிப்பாய்களால் நடுப்பலகையைச் சட்டென்று பிடிக்க முடியாது. மந்திரியோ நெடுந்தூரம் பாயும். அப்படியானால் மெதுவாகப் பக்கவாட்டில் ஒரு ஜன்னலைத் திறந்து, அந்த ஜன்னலில் மந்திரியை நிறுத்துவதே புத்தி. ஐரோப்பியர் இரண்டடிச் சிப்பாயால் நடுப்பலகையைப் பிடிக்க ஓடியபோது, நம் ஆட்கள் தூரத்திலிருந்து அதைக் குறிவைத்தார்கள்.

இந்த இரண்டு ஆட்ட முறைகளும் நேருக்கு நேர் சந்திக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவர் ஜான் காக்ரேன், ஸ்காட்லாந்துக்காரர், பாரிஸ்டர். 1822-ல் செஸ் பற்றி ஒரு புத்தகம் எழுதியவர். 1824-ல் லண்டன் கிளப்பும் எடின்பரோ கிளப்பும் கடிதம் மூலம் செஸ் ஆடத் தொடங்கின. லண்டன் அணியில் இருந்த காக்ரேன் ஒரு துணிச்சலான ஓப்பனிங்கை எடுத்துக்கொடுத்தார்; ஆட்டம் முடிவதற்குள் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். யோசனை சொன்னவர் போனபின் லண்டன்காரர்கள் தடுமாறினார்கள். எடின்பரோக்காரர்கள் அந்த ஓப்பனிங்கின் அருமையைப் புரிந்துகொண்டு, அதைத் தாங்களே எடுத்தாண்டு, போட்டியை வென்றார்கள். எதிரியிடமிருந்து நகலெடுத்த அந்த ஓப்பனிங்தான் இன்று 'ஸ்காட்ச்'. லண்டன்காரர்கள் வைத்த சரக்கு எடின்பரோவின் பெயரில் விலைபோனது.

காக்ரேன் கல்கத்தாவில் வக்கீல் தொழில் பார்த்தார். அங்கே அவருக்கு ஈடுகொடுக்க ஆள் இல்லை. 1848 வாக்கில் அங்கிருந்த செஸ் கிளப்பின் உறுப்பினர் ஒருவர் வங்கத்தின் உள்நாட்டுப் பகுதிக்குப் போனபோது, தோல்வியே அறியாத ஒரு பிராமணர் கிராமத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டார். அவர்தான் மகேஷ்சந்திர பானர்ஜி. வங்காளிகள் சொல்வதுபோல் சொன்னால் மகேஷ்சந்திர பந்தோபாத்யாய். காக்ரேன் அவரைக் கல்கத்தாவுக்கு வரவழைத்தார். அன்றிலிருந்து பன்னிரண்டு ஆண்டுக்கும் குறையாமல் இருவரும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார்கள். வென்றவர் பெரும்பாலும் காக்ரேன்தான். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஐம்பது வயதை ஒட்டி, பழகிய விதிகளை விட்டு அயல் விதிகளில், அன்றைய உலகின் முன்னணி ஆட்டக்காரர் ஒருவரை எதிர்த்து ஆடியவர் பானர்ஜி. தோற்றாலும் மறுநாள் வந்து உட்கார்ந்தார்.

விதி மாறி ஆடப் பழகிய முதல் இந்தியர் அவரல்லர். 1814-லேயே பம்பாயில், ஐரோப்பிய ஆட்ட முறைக்கு ஏற்ப அமைத்த சதுரங்கக் கட்டுரைகள் என்று தலைப்பிலேயே சொல்லிக்கொண்டு, திருவேங்கடாச்சாரிய சாஸ்திரி என்பவர் சமஸ்கிருதத்திலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த புத்தகம் ஒன்று வெளியானது. பெயரைப் பார்த்தாலே தெற்கத்தி வாசம் அடிக்கிறது. ஆனால் அது ஆட்டத்தின் முடிவு நிலைகளைப் பற்றிய புத்தகம். பானர்ஜி விட்டுப்போனது தொடக்கங்களை.

1855-ல் நடந்த ஓர் ஆட்டத்தை மட்டும் மெதுவாகப் பார்ப்போம். காக்ரேன் வெள்ளை, ராணியின் முன் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறார். பானர்ஜி ராஜா பக்கத்துக் குதிரையை எடுக்கிறார். காக்ரேன் இன்னொரு சிப்பாயை இரண்டு கட்டம். பானர்ஜி, குதிரைக் கட்டத்துச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம், மந்திரிக்கு ஜன்னல் திறக்க. காக்ரேன் குதிரையை வெளியே கொண்டுவருகிறார். இப்போது பானர்ஜி தன் ராணியின் முன் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, நேராக நடுப்பலகையில் வெள்ளையின் முகத்துக்கெதிரே நிறுத்துகிறார். எனக்கு மெய்சிலிர்க்கும் இடம் இதுதான். இரண்டாவது நகர்த்தல் ஊர்ப் பழக்கம். மூன்றாவது நகர்த்தல் அயலார் விதி. இரண்டையும் ஒரே ஆட்டத்தில், ஒரே மூச்சில் தைத்துவிட்டார் அந்தக் கிராமத்து மனிதர். வெள்ளை நடுவில் பெரிதாகச் சிப்பாய்களைக் கட்டிக்கொள்ளட்டும், மூலையிலிருக்கும் மந்திரி அதை அரித்துத் தின்னும் என்பது கணக்கு. அந்த ஆட்டத்தில் அவர் தோற்றார். பதினெட்டாவது நகர்த்தலில் குதிரையைத் தப்பான இடத்துக்கு எடுக்க, மூன்றே நகர்த்தலில் செக்மேட் என்ற நிலை. ஆனால் தொடக்கத்தில் தப்பில்லை.

அந்த ஆட்டங்களைக் காகிதத்தில் எழுதி வைத்தது காக்ரேனின் பெரிய தொண்டு. எழுதிய தாள்கள் கப்பலேறி லண்டன் செஸ் இதழ்களில் அச்சாயின. 'பிராமணர்' என்ற பெயரிலேயே பானர்ஜியை வாசகர்கள் அறிந்தார்கள். அந்தக் காலத்து ஐரோப்பிய ரசனை பாய்ச்சலையும் பலியையும் விரும்பியது. 1848-ல் பானர்ஜிக்கு எதிராகக் காக்ரேன் நான்காவது நகர்த்தலிலேயே ஒரு குதிரையைப் பலிகொடுத்தார். அது இன்றும் 'காக்ரேன் காம்பிட்'. 1999-ல் லினாரஸில் டோபலோவ் அதை க்ராம்னிக்குக்கு எதிராக ஆடினார். பானர்ஜியின் பதுங்கல் ஆட்டமோ அவர்கள் கண்ணுக்கு ஒரு விநோதமாகவே பட்டது. நல்லவேளை, அச்சில் ஏறியது அழியவில்லை. ஜெர்மனியில் லூயி பால்சன் 1879-ல் லைப்சிக்கில் ஷ்வார்ஸுக்கு எதிராக இதே அமைப்பை நிறுத்தினார். 1884-ல் 'இந்தியத் தற்காப்பு' என்ற பெயர் அச்சில் வந்தது, பானர்ஜியின் ஆட்டத்தை வைத்தே.

பிறகு முதல் உலகப் போர் முடிந்தது. வியன்னா, புடாபெஸ்ட் காபிக் கடைகளில் உட்கார்ந்த இளைஞர்கள் பழைய பாடங்கள் எல்லாவற்றையும் கேள்வி கேட்டார்கள். நடுப்பலகையில் சிப்பாயை வைத்துத்தான் ஆள வேண்டுமா? தூரத்திலிருந்து ஆளக்கூடாதா? ரேட்டி, நிம்சோவிச், பிரேயர், டார்டாகோவர் என்று ஒரு படையே இதைப் புதுமை என்று முழங்கியது. வங்கத்துக் கிராமத்தில் இது பழக்கமாக இருந்தது. 1922-ல் எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்ட், காக்ரேனுக்கு எதிராக பானர்ஜி ஆடிய அதே முதல் மூன்று நகர்த்தல்களைப் போட்டி ஆட்டத்தில் ஆடினார். அதே ஆண்டு வியன்னாவில், பின்னாளில் உலகச் சாம்பியன் ஆன அலெகைனையே அதைக்கொண்டு வீழ்த்தினார். தோற்ற கோபத்தில் அலெகைன் தன் ராஜாவை அறையின் மறுபக்கம் விட்டெறிந்ததாகக் கதை சொல்வார்கள். அந்தத் தற்காப்புக்குப் பெயர் 'க்ரூன்ஃபெல்ட்' என்று நிலைத்துவிட்டது. 1924-ல் டார்டாகோவரின் புத்தகம் 'இந்திய' என்ற சொல்லை ஐரோப்பா முழுக்கப் பரப்பியது. ஊர்ப்பெயர் வாழ்ந்தது, ஆள்பெயர் போயிற்று. எனக்கு இதில் வருத்தம் உண்டு. க்ரூன்ஃபெல்ட் மீது குறையில்லை, அவர் அதை வளர்த்தெடுத்தவர். ஆனால் பாடப்புத்தகத்தின் ஓரத்தில் பானர்ஜி என்ற ஒரு சொல்லுக்கு இடம் இருந்திருக்கலாம்.

1929-ல் பஞ்சாபிலிருந்து சுல்தான் கான் லண்டனுக்கு வந்தார். ஒற்றை அடிச் சிப்பாயில் வளர்ந்து, ஐரோப்பிய விதிகளைச் சில ஆண்டுகளுக்கு முன்தான் கற்றவர். வந்த ஆண்டே பிரிட்டிஷ் பட்டம் வென்றார். மொத்தம் மூன்று முறை. 1930 கடைசியில் ஹேஸ்டிங்ஸில் முன்னாள் உலகச் சாம்பியன் காபபிளாங்கா அவருக்கு எதிராக எடுத்த ஆயுதம் எது தெரியுமா? 'ராணி இந்தியன்' தற்காப்பு. கியூபாக்காரர் இந்தியத் தற்காப்பு ஆட, இந்தியர் அதை உடைத்து வென்றார். அவருக்கு கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை உலகச் செஸ் கூட்டமைப்பு கௌரவமாக அளித்தது 2024-ல், அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கழித்து.

அடுத்த தாவல் சோவியத் நாட்டுக்கு. 1940-களில் பிரான்ஸ்டைனும் போலஸ்லாவ்ஸ்கியும் ராஜா இந்தியனை எடுத்து, அது பதுங்குவது பாய்வதற்கே என்று காட்டினார்கள். அமெரிக்காவிலும் அந்த ஜன்னல் திறந்தது. 1956-ல் நியூயார்க்கில் பதின்மூன்று வயது பாபி பிஷர், டொனால்ட் பைர்னுக்கு எதிராக ராணியையே பலிகொடுத்து வென்ற ஆட்டத்தை நூற்றாண்டின் ஆட்டம் என்கிறார்கள். அதன் தொடக்கம் க்ரூன்ஃபெல்ட். பிஷரின் ராணிக்குப் பதிலாகப் பேசியவை அவருடைய இன்னொரு மந்திரியும் ஒரு குதிரையும்தான்.

இத்தனையும் நடக்கும்போது இந்தியாவில் என்ன ஆயிற்று? திண்ணைகளில் ஒற்றை அடிச் சிப்பாய் நடந்துகொண்டிருந்தது. நம் பக்கம் சதுரங்கத்துக்குத் தெய்வமே உண்டு. நீடாமங்கலம் பக்கம் பூவனூரில், ராஜராஜேஸ்வரியுடன் சதுரங்கம் ஆடி வென்று மணந்ததாகத் தலபுராணம் சொல்லும் சதுரங்க வல்லபநாதர் கோயில்கொண்டிருக்கிறார்; அப்பர் பாடிய தலம் அது. ஆனால் போட்டி என்று வந்தால் உலக விதியைக் கற்றாக வேண்டும். அகில இந்தியச் செஸ் கூட்டமைப்பு 1951-ல் பிறந்தது. முதல் தேசியப் போட்டி 1955-ல் ஏலூரில். பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த மானுவேல் ஆரோன் 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். மறு ஆண்டு ஸ்டாக்ஹோமில் போர்டிஷ், உல்மான் என்ற முன்னணி கிராண்ட்மாஸ்டர்களைத் தோற்கடித்தார். 1972-ல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் டால் செஸ் கிளப் தொடங்கியதில் அவர் பங்கு பெரிது. ராஜா இந்தியனும் க்ரூன்ஃபெல்டும் அவை பிறந்த நாட்டுக்குத் திரும்பிவந்த வழிகளில் ஒன்று அதுதான், ரஷ்ய அச்சில், ரஷ்யப் பெயர்களோடு.

அந்தக் கிளப்பில் வந்து உட்கார்ந்த சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த், 1969-ல் மயிலாடுதுறையில் பிறந்தவர். கிள்ளையில் ரயில் ஏறினால் சிதம்பரம், கொள்ளிடம், சீர்காழி, வைத்தீஸ்வரன்கோவில் தாண்டி அவர் பிறந்த ஊர். ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் அம்மா. 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். பின்னர் ஐந்து முறை உலகச் சாம்பியன். 2010-ல் டோபலோவை எதிர்த்துப் பட்டத்தைக் காக்க சோஃபியாவுக்குப் போக வேண்டும். ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து ஐரோப்பாவின் விமானங்கள் எல்லாம் நின்றுவிட்டன. பிராங்பர்ட்டிலிருந்து நாற்பது மணி நேரம் வண்டியிலேயே போய்ச் சேர்ந்தார். முதல் ஆட்டத்தில் கறுப்பு. அவர் எடுத்தது க்ரூன்ஃபெல்ட், அதாவது பானர்ஜியின் மூன்று நகர்த்தல்கள்.

தோற்றார், முப்பதே நகர்த்தலில். வீட்டில் தயாரித்த வரிசையில் எது முன், எது பின் என்று நினைவு கலங்கி, இருபத்து மூன்றாவது நகர்த்தலில் ராஜாவைத் தப்பான கட்டத்துக்கு எடுத்துவிட்டார். கிள்ளை என்றால் கிளி. சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை என்பார்கள். இன்றைய ஓப்பனிங் ஆட்டத்தில் இருபது, இருபத்தைந்து நகர்த்தல்களைக் கிளி போல ஒப்பிக்க வேண்டியிருக்கிறது. ஒரு சொல் முன்பின் ஆனால் உலகச் சாம்பியனுக்கும் மன்னிப்பில்லை. பானர்ஜிக்கு ஒப்பிக்க ஒன்றுமில்லை, கை பழகிய பழக்கம் மட்டும். ஆனந்த் அந்தத் தோல்வியிலிருந்து எழுந்து 6½-க்கு 5½ என்று பட்டத்தைக் காத்தார். பத்தாவது ஆட்டத்தில் மறுபடியும் க்ரூன்ஃபெல்டையே எடுத்து டிரா செய்தார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. பேருந்துகளிலும் பாலங்களிலும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். போட்டியின் சின்னமான, வேட்டி கட்டிய 'தம்பி' குதிரை எல்லா ஊர்ச் சுவர்களிலும் நின்றது.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். சென்னையின் குகேஷ், பதினெட்டு வயது. எதிரே உலகச் சாம்பியன் டிங் லிரென். ஆறரைக்கு ஆறரை, கடைசி ஆட்டம். டிங்குக்கு வெள்ளை. அவர் ராஜா பக்கத்துக் குதிரைச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளி, அந்த ஜன்னலில் மந்திரியை நிறுத்தினார். கறுப்பு ஆட வேண்டியதை வெள்ளை ஆடுவதால் 'தலைகீழ் க்ரூன்ஃபெல்ட்' என்கிறார்கள். பல மணி நேரம் கழித்தும் அந்த மந்திரி பலகையில் இருந்தது. எந்த நெடுங்கோட்டை ஆள அதை அங்கே வைத்தாரோ, அதே கோட்டின் மறு கோடி மூலையில் போய் ஒண்டியிருந்தது. ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் டிங் தன் யானையைப் (இன்று நாம் யானை என்பது நேர்க்கோட்டில் ஓடும் ரூக்கை) பின்னுக்கு எடுத்தார். குகேஷ் யானைக்கு யானை வெட்டிக்கொண்டுவிட்டு, தன் மந்திரியை அந்தக் கோட்டின் நடுவில் கொண்டுவந்து வைத்தார். மூலையில் இருந்ததற்குப் போக இடமில்லை. வெட்டிக்கொண்டு இரண்டும் போயின. பலகையில் மிஞ்சியவை இரண்டு ராஜாக்கள், இரண்டு கறுப்புச் சிப்பாய்கள், ஒரு வெள்ளைச் சிப்பாய், எல்லாமே இனி ஒரு நேரத்தில் ஒரு கட்டம் மட்டும் நகரக்கூடியவை. டிங் கை நீட்டினார்.